மிளகுப் பாலுக்கு அடங்காத குரல்

இரண்டு வருடங்களுக்கு முன், டெல்லி ஜனக்புரியில் எங்கள் பகுதித் தமிழர்கள் சேர்ந்து நடத்திய பொங்கல் விழாவில் நடந்தது இது. இன்று நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது.

அப்போது என் மகன் எட்டாம் வகுப்பு. டெல்லியிலேயே பிறந்தவன், தமிழைவிட இந்திதான் வாயில் வேகமாக வரும். ஆனால் பாட ஆரம்பித்தால் சுத்தமான தமிழ், கணீரென்ற குரல். சின்ன வயதிலிருந்தே பொங்கல் விழாவில் கடவுள் வாழ்த்து அவனுடையதுதான்.

அந்தக் குளிர்காலத்தில் அவன் குரல் கரகரக்கத் தொடங்கியது. டெல்லிக்காரர்கள் வேறென்ன நினைப்போம்? எல்லாம் இந்தப் பாழாய்ப்போன புகைதான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். ஏர் பியூரிஃபையர் வந்தது. வீட்டுக்குள்ளேயும் மாஸ்க். காலையில் ஆவி, ராத்திரி மிளகுப் பால், கிரிக்கெட்டுக்குத் தடை. கரகரப்பு போவேனா என்றது. என் கணவர் ஒருபடி மேலே போய், ஆபீஸில் கோயம்புத்தூருக்கு மாற்றலே கேட்டுவிட்டார். பிள்ளை இனிமேல் பாடுவானா என்று இரண்டு பேருக்கும் தூக்கமில்லை. அவனும் இந்த வருடம் வேண்டாம் என்றுதான் சொன்னான். நான்தான் விடவில்லை.

மேடையில் முதல் வரி எப்படியோ போய்விட்டது. இரண்டாவது வரி மேலே ஏறியதும் குரல் உடைந்து கீச்சென்றது. முன்வரிசைப் பொடிசுகள் கொல்லென்று சிரித்தன. அவன் முகம் சிவந்துவிட்டது. அவனைக் கீழே அழைத்து வந்துவிடலாம் என்று எழுந்தேன். பக்கத்திலிருந்த, முன்பின் தெரியாத மதுரைக்காரப் பெண் என் கையைப் பிடித்து இழுத்தாள். எல்லாம் இந்தப் புகைதான் என்றேன்.

"புகையா? உக்காருங்கக்கா. இது மகரக்கட்டு. பையன் பெரியவனாகுறான். பொண்ணா இருந்தா ஊரையே கூட்டிச் சொல்லியிருப்போம்ல?"

எனக்குச் சுரீரென்றது. பெண் பிள்ளைக்கென்றால் பெரியவளாகிவிட்டாள், வயசுக்கு வந்துவிட்டாள் என்று எத்தனை வார்த்தைகள், எத்தனை தட்டு சீர்! ஆண் பிள்ளையின் குரல் உடைவதற்கு இருந்த இந்த ஒரு வார்த்தையைக்கூட நான் மறந்து போயிருந்தேன்.

அதற்குள் மேடையில் என் மகன் ஹார்மோனியக்காரர் பக்கம் திரும்பினான். அவருக்குத் தமிழ் தெரியாது, அதனால் இந்தியில் சொன்னான்.

"பய்யா, தோடா நீச்சே."

அவர் சுருதியைக் கீழே இறக்கினார். இவன் முதல் வரியிலிருந்து பாடினான். அப்பப்பா, என்ன குரல்! அடிவயிற்றிலிருந்து, கனமாக, ஊரிலிருந்து என் தம்பி போனில் பேசுகிற மாதிரி. அங்கங்கே பிசிறடித்தது, அவன் நிறுத்தவில்லை. பாதிப் பாட்டில் தன் குரலைத் தானே கேட்டுச் சிரித்துக்கொண்டான். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டே கை தட்டினேன்.

ஆபீஸிலிருந்து தாமதமாக வந்த கணவர் வாசலருகே, மேடையை மறைக்கும் தூணுக்குப் பின்னால் நின்றிருந்தார். பாட்டு முடிந்ததும் என்னிடம் வந்து, பாடியது யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டார். "நம்ம வீட்டுப் பெரிய மனுஷன்" என்றேன்.

அன்று ராத்திரியே கேசரி கிளறி, ஊருக்கெல்லாம் போன் போட்டு, பையன் வயசுக்கு வந்துவிட்டான் என்று நானே அறிவித்தேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இப்போதும் வாசலில் "அம்மா" என்று அந்தக் கனத்த குரல் கேட்டால் யாரோ என்று ஒரு கணம் திகைக்கிறேன். நான் மருந்து கொடுத்து விரட்டப் பார்த்த அந்த யாரோதான் என் மகன் என்பது மறுகணம் நெஞ்சை நிறைக்கிறது.