இரட்டைச் சடைச் சுவர்

சொர்ணவல்லி டீச்சரைத் தேடுகிறவர்கள் விசில் சத்தத்தைத் தேடினால் போதும். அரிமளத்திலிருந்து தினமும் ஸ்கூட்டரில் வந்து, ஓர் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பன்னிரண்டு வருடமாக விளையாட்டு ஆசிரியையாக இருக்கிறார். கல்லூரியில் கபடி ஆடியவர். வலது முழங்காலில் தழும்பு இன்னும் உண்டு. கழுத்தில் தாலிக்கொடியோடு விசில் கயிறும் கிடக்கும். ஒருமுறை கல்யாண வீட்டுக்கும் விசிலைக் கழற்றாமல் போய் மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அவருக்கு ஒரே மனக்குறை. பதினோராம் வகுப்பின் இரண்டு பி.டி. பீரியடையும் தலைமையாசிரியர் முத்துராமன் பிடுங்கிக் கணக்குக்கும் இயற்பியலுக்கும் கொடுத்துவிட்டார். பந்துகள் காற்றிறங்கி அலமாரியில் கிடந்தன.

ஆவணியில் உயிரியல் டீச்சர் வைஷ்ணவி பிரசவ விடுப்பில் போனார். மாற்று ஆள் வரும்வரை வகுப்பைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொள்ளும் வேலை சொர்ணவல்லி தலையில் விழுந்தது. சும்மா உட்கார்ந்து பழக்கமில்லாதவர், ஒரு பிள்ளையின் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வின் படம் வந்தது. உருண்டைத் தலை, அதிலிருந்து தொங்கும் இரண்டு வால். அப்படியே இரண்டு வரிசை. தலைகள் வெளியே, வால்கள் நடுவில். பாஸ்போலிப்பிட், ஒரு வகைக் கொழுப்பு என்று கீழே போட்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தார். எதிரே நாற்பது பிள்ளைகள், எண்ணெய் தடவி வாரிய இரட்டைச் சடையோடு.

அன்று மதியமே தலைமையாசிரியர் அறைக்குப் போனார்.

"வெள்ளிக்கிழமை நீங்களே வந்து இந்தச் செல் சவ்வுப் பாடத்துல மூணு கேள்வி கேளுங்க சார். பிள்ளைக சொல்லிட்டா என் பீரியடைக் குடுத்துருங்க."

முத்துராமன் வேதியியல் படித்தவர். சிரித்தார். சொல்லாவிட்டால் இந்த வருடம் முழுக்கப் பந்துப் பேச்சே எடுக்கக் கூடாது என்றார். டீச்சரும் சரி என்று வந்துவிட்டார்.

மறுநாளிலிருந்து பாடம் மைதானத்தில். மழை பெய்து நசநசவென்று கிடந்த தரை, செல்லுக்கு வெளியே இருக்கும் தண்ணீர். நடுவில் வைத்த குடம், உள்ளே இருக்கும் தண்ணீர். குடத்தைச் சுற்றி இரண்டு வளையம். வெளி வளையம் வெளியே பார்த்தும், உள் வளையம் குடத்தைப் பார்த்தும், முதுகோடு முதுகு. தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், எண்ணெய்ச் சடைக்கு ஆகாது. அதனால் சடைகளெல்லாம் நடுவில் பத்திரமாக ஒளிந்திருந்தன. தன் வரிசைக்குள் பக்கவாட்டில் நகரலாம். அடுத்த வரிசைக்குத் தாவுவது லேசில் நடக்காது. தலை எண்ணெய்க்குள் புகுந்து போக வேண்டுமே. பரிமளாவின் சுருட்டைச் சடை மட்டும் வளைந்து புடைத்து நின்றதால் பக்கத்துப் பிள்ளைகள் ஒட்டி நிற்க முடியவில்லை. புத்தகத்திலும் வளைந்த வால் உண்டு என்று கண்டுபிடித்ததும் டீச்சருக்கு ஒரே குஷி.

ஒன்றை மட்டும் விட்டுவிட்டார். படத்தில் சவ்வை ஊடுருவிக் கட்டை கட்டையாக நிற்கும் புரதம், உப்பு மாதிரியானவை போய்வரும் வழி. அதற்கு யாரை நிறுத்துவதென்று தெரியவில்லை.

வியாழக்கிழமைக்கு இரட்டையர் சிவரஞ்சனியும் மனோரஞ்சனியும் கோயிலுக்கென்று லீவு கேட்டார்கள். என்ன ஏதென்று கேட்காமல் கையெழுத்துப் போட்டார். வெள்ளி காலை இருவரும் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு வந்து நின்றார்கள். தம்பி டெங்குவிலிருந்து பிழைக்க அம்மா நேர்ந்துகொண்டதாம். வகுப்பு சிரித்தது, டீச்சர் இரண்டு தலையையும் மாறி மாறிப் பார்த்தார். சடையில்லாதவளைச் சுவரில் எப்படி நிறுத்துவது? அங்கே முத்துராமன் படியிறங்கி வந்துகொண்டிருந்தார்.

"நாங்க வேணா தள்ளி நிக்கிறோம் மிஸ்" என்றாள் மனோரஞ்சனி, தலையைத் துப்பட்டாவால் மூடியபடி.

அப்போதுதான் டீச்சருக்கு அந்தப் புரதக் கட்டை நினைவுக்கு வந்தது.

"ஒருத்தியும் தள்ளி நிக்க வேணாம். சுவருக்கு நடுவுல ரெண்டு பேரும் எதிரெதிரா நில்லுங்கடி. நீங்கதான் வாசல்."

முதல் கேள்வி, ஏன் இரண்டு வரிசை என்பது. பத்துக் குரல் பதில் சொன்னது. குளிரில் இந்தக் கொழுப்பெல்லாம் தேங்காயெண்ணெய் மாதிரி உறைந்துவிடாதா என்றது இரண்டாவது. பரிமளா தன் சடையைத் தூக்கிக் காட்டி, இது நெருங்க விடாது சார் என்றாள்.

மூன்றாவதற்கு முத்துராமன் கேள்வியே கேட்கவில்லை. தான் உப்பிலுள்ள சோடியம் என்று சொல்லிவிட்டு நேராக இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் நுழையப் பார்த்தார். தோளோடு தோள் இறுகியது.

"இங்கிட்டு வழியில்ல சார்" என்றாள் ஒருத்தி. "ஆக்ஸிஜன்னா சும்மா நுழைஞ்சு போயிரும். நீங்க தண்ணியில கரையிற ஆளு, எண்ணெய்க்குள்ள எறங்க மாட்டீங்க. அங்கிட்டு மொட்டைக நிக்குதுக பாருங்க, அந்த வழியா வாங்க."

சுற்றிப் போனார். இரட்டையர் டீச்சர் முகத்தைப் பார்த்தார்கள்.

"பீரியடு தாரேன்னு சொன்னாத்தான் தெறக்கும் சார்" என்றாள் சிவரஞ்சனி.

புத்தகத்தில் இல்லாத பதில்தான். ஆனாலும் முத்துராமன் சிரிப்பை அடக்க முடியாமல், "திங்களும் வியாழனும் போதுமா?" என்றபடி குனிந்து உள்ளே நுழைந்து குடத்துத் தண்ணீரை மொண்டு குடித்தார். வெளியே வரவும் அந்த ஒரே வாசல்தான். அறைக்குத் திரும்பிக் கால அட்டவணையில் கையெழுத்துப் போடும்போது அவருடைய வெள்ளைச் சட்டையின் இரண்டு தோளிலும் சந்தனம் அப்பியிருந்தது.

சொர்ணவல்லி அலமாரியைத் திறந்து பந்துக்குக் காற்றடிக்க உட்கார்ந்தார்.