கடை அண்ணை பார்க்காத உதை

எழுதுவதற்கு எனக்குப் பெரிய தகுதி ஒன்றும் இல்லை. சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அதன் பிறகு நான் எழுதியதெல்லாம் கேக்கின் மேல்தான். அதுவும் நாலைந்து சொற்களுக்கு மேல் போனதில்லை. வாசித்தவர்களும் உடனேயே வெட்டிச் சாப்பிட்டுவிடுவார்கள். ஆகவே பிழைகள் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஏப்ரனைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று பல வருடங்களாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளை ஏப்ரன். நெஞ்சுப் பக்கத்தில் நீல ஐசிங் பட்டுக் காய்ந்த கறை. எங்கள் கடை வானுக்குள், சாரதி பின்பக்கம் பார்ப்பதற்கென்று இருக்கும் சிறிய கண்ணாடியை மூடிக்கொண்டு அது தொங்கியது. வெளியே இரண்டு பக்கக் கண்ணாடிகளும் மடக்கப்பட்டிருந்தன. வான் ஒரு பள்ளிக்கூட மைதானத்துக்கு முதுகைக் காட்டியபடி நின்றது. உள்ளே எங்கள் முதலாளி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, எதிரே இருந்த குப்பைத் தொட்டியைப் பார்த்தபடி இருந்தார்.

அவரை எல்லோரும் கடை அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். கனடாவில், வோபர்ன் பகுதியில், பிளாசா என்கிற ஒரு கடைத்தொகுதியின் மூலையில் அவருடைய கடை. முன்பக்கம் ரோல்ஸ், பற்றிஸ், பின்பக்கம் கேக். குரல் பெரிது, மனம் அதைவிடப் பெரிது. ஒரு பழக்கம் மட்டும் அவரிடம் இருந்தது. நல்ல பொருள் எதைக் கண்டாலும் வாய்விட்டுப் புகழ்ந்துவிடுவார். ஒருமுறை மூன்று தட்டுக் கல்யாணக் கேக்கைப் பார்த்து, "அம்மாடி, என்ன வடிவு! தேர் மாதிரியெல்லோ நிக்குது!" என்றார். மார்க்கம் வீதித் திருப்பத்தில் மேல்தட்டு சரிந்து வானுக்குள்ளேயே விழுந்தது. அதன் பிறகு ரோல்ஸ் பொரிக்கும் அக்கா, கேக் வெளியே போகும்போதெல்லாம், "அண்ணை, நீங்கள் கொஞ்சம் அங்கால பாருங்கோ" என்பார். அவரும் சிரித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்புவார். "ஓமோம், என்ர கண் பொல்லாத கண். ஊரில நான் பாத்து பூசணிக்கொடியே கருகினது" என்பார். எல்லோரும் சிரிப்போம். அவருடைய மகன் பந்து உதைக்கத் தொடங்கும்வரைக்கும் அது வெறும் பகிடியாகத்தான் இருந்தது.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கடையில் சேர்ந்த புதிதில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்றுதான் கேக்கில் பெயர் எழுதினேன். பார்க்க ஒருவரும் இல்லாவிட்டால் கை தானாக எழுதும். யாராவது வந்து நின்று பார்த்தால் என் கண் எழுத்தை விட்டுவிட்டுக் கையைப் பார்க்கத் தொடங்கும். அந்தக் கணத்திலிருந்து அது வேறு யாருடைய கையோ. கோடு நடுங்கும், நேராக வர வேண்டியது வளையும். நான் இதை ஒருவரிடமும் சொன்னதில்லை. அண்ணை தானாகவே கண்டுபிடித்து, என் மேசையைக் குளிர்பெட்டிக்குப் பின்னால் தள்ளிப் போட்டார். "தங்கச்சி எழுதேக்க ஒருத்தரும் எட்டிப் பாக்கக்கூடாது. ஆள் கூச்சக்காரி" என்று எல்லோருக்கும் சட்டம் போட்டார்.

மகன் அப்போது பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பில் இருந்தான். சின்ன வயதிலிருந்தே சொக்கர், அதாவது எங்கள் ஊர்க் கால்பந்து, விளையாடியவன். அவன் உதைப்பதைக் கண்ட ஒரு பயிற்சியாளர், தலைக்கவசம் போட்டு இடிபடுகிற மற்ற விளையாட்டுக்கு, அதுதான் இங்கே புட்போல் என்கிறார்களே, அதற்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனார். மற்றப் பிள்ளைகள் சேற்றில் உருளும்போது இவன் ஓரத்தில் போட்டிருக்கும் நீள வாங்கில் குந்தியிருப்பான். இடையில் கூப்பிடுவார்கள். நிலத்தில் நிறுத்திப் பிடித்திருக்கும் பந்தை இரண்டு உயரமான கம்பங்களுக்கு நடுவால் உதைக்க வேண்டும். போனால் மூன்று புள்ளி. பிறகு பழையபடி வாங்கு. "பின்னேரம் முழுக்கக் குந்தியிருந்துபோட்டு ஒரு உதை. உதுக்கு இவருக்குத் தலைக்கவசம் வேறை" என்று அண்ணை சொல்வார். சொல்லும்போது முகம் பூரித்திருக்கும்.

அவர் முதல் தடவை பார்க்கப் போன நாளில், சுலபமான உதை ஒன்று வெளியே போனது. இரண்டாம் தடவை போனபோது, ஆட்டத்தின் கடைசி உதை வெளியே போனது. தோற்றுவிட்டார்கள். வீட்டுக்கு வரும் வழியில் இருவரும் ஒரு சொல்லும் பேசவில்லையாம். கதவடியில் நின்று மகன், "அப்பா, இனி நீங்கள் மட்சுக்கு வராதேங்கோ" என்றானாம். அண்ணை இதை எங்களிடம் சொன்னபோது பகிடி எதுவும் விடவில்லை. வீட்டில் மிளகாயும் உப்பும் சுற்றி நாவூறு கழித்தார்கள். அதன் பிறகு அவர் போகவில்லை. அவர் போகாத ஆட்டங்களில் பந்து ஒழுங்காகக் கம்பங்களுக்கு நடுவால் போனது. "பாத்தியே தங்கச்சி. நான் இல்லாட்டி எல்லாம் சரியாப் போகுது" என்றார். பெற்ற பிள்ளையைத் தன் கண்ணே கெடுக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஒருவர் ரொட்டி அடுக்குவதைப் பார்க்க எனக்கு மனம் கேட்கவில்லை. 

ஐப்பசி மாதத்து வெள்ளிக்கிழமை அது. ஒரு மண்டபத்துக்குக் கேக் கொண்டுபோக வேண்டியிருந்தது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நான் முன்சீற்றில் இருந்தேன். நேரே போக வேண்டிய சந்தியில் அண்ணை வலப்பக்கம் திருப்பினார். மைதானத்தடியில் நிறுத்தி, இறங்கி, பக்கக் கண்ணாடிகளை மடக்கினார். உள்ளே வந்து என் ஏப்ரனைக் கேட்டு வாங்கி, மற்றக் கண்ணாடியில் போட்டார். அன்றைய ஆட்டத்தில் வென்றால் அடுத்த சுற்றாம். தோற்றால் மகனுடைய பள்ளிக்கூட விளையாட்டு அதோடு முடிந்ததாம்.

"தங்கச்சி, இறங்கிப் போய்ப் பார்."

"நானோ? எனக்கு உந்த விளையாட்டே தெரியாது அண்ணை."

"தெரியாட்டி நல்லது. உன்ர கண்ணாலை எறும்புக்கும் ஒண்டும் நடக்காது. வேலியடியில நிண்டு எனக்குச் சொல்லு. நான் திரும்பமாட்டன்."

கேக்கைச் சீற்றில் வைத்துவிட்டுப் போய் வேலியடியில் நின்றேன். வானின் யன்னல் திறந்திருந்தது. என் வாழ்க்கையில் நான் சத்தம் போட்டுக் கதைத்த பொழுதுகள் குறைவு. அன்று குளிரில் நின்று கத்தினேன்.

"என்ன நடக்குது?"

"இடிபடுகினம் அண்ணை."

"ஆர்?"

"எல்லாரும்தான்!"

"தம்பி எங்க?"

"வாங்கில இருக்கிறார்."

"ஜக்கெற் போட்டிருக்கிறானோ?"

புள்ளிப் பலகையில் இரண்டு பக்கமும் ஒரே எண்தான் இருந்தது. நேரம் முடிகிற கட்டத்தில் மகனைக் கூப்பிட்டார்கள். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவன் பின்னால் நடந்து, பக்கவாட்டில் நகர்ந்து, தலையைக் குனிந்து ஆயத்தமானான். அந்த நேரம் விசில் ஊதியது. எதிரணிப் பயிற்சியாளர் இடைவேளை கேட்டிருந்தார். வேண்டுமென்றுதான் கேட்டிருக்கிறார், உதைக்க நிற்பவனைக் காத்திருக்க வைப்பதற்கு. அது எனக்குப் பிறகுதான் தெரியும். மற்றவர்கள் எல்லாம் ஓரத்துக்குப் போய்த் தண்ணீர் குடித்தார்கள். அவன் மட்டும் நடுவில் தனியாக நின்றான். நிற்க நிற்க, குனிந்து தன் வலக்காலைப் பார்த்தான்.  அந்தப் பார்வை எனக்குத் தெரியும். குளிர்பெட்டிக்குப் பின்னால் ஒளிவதற்கு முன் நான் என் கையைப் பார்த்த பார்வை அது.

"என்ன தங்கச்சி, சத்தத்தைக் காணேல்லை?"

"உதைக்கப் போறார் அண்ணை."

உதைத்தான். பந்து உயரமாகத்தான் போனது. போகப் போக இடப்பக்கம் சரிந்து, கம்பத்துக்கு வெளியால் பறந்து, கம்பங்களுக்குப் பின்னால் இருந்த புல்வெளியையும் தாண்டி எங்கேயோ விழுந்தது.

"பிழைச்சுப்போச்சு அண்ணை" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது.

 "நான் பாக்கேல்லையே" என்றார் வானுக்குள்ளிருந்து.

"இல்லை அண்ணை."

"நான் இந்தக் குப்பைத் தொட்டியை அல்லோ பாத்துக்கொண்டிருந்தனான். நான் பாக்காமலே பிழைச்சிட்டுது. நீதான் சாட்சி. அப்ப நான் இல்லை. தங்கச்சி, அது நான் இல்லை!"

அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. அதற்குள் மைதானத்தில் பெரிய கூச்சல். "மற்றப் பெடியள் வெண்டிட்டாங்கள். கத்தட்டும், பாவங்கள்" என்றார் அண்ணை. என் பக்கத்தில் குதித்துக்கொண்டிருந்த ஒரு தமிழ்ப் பிள்ளை என் முகத்தைப் பார்த்து, "அன்ரி, வை ஆர் யூ சாட்? நாங்கள் வின் பண்ணிட்டம்!" என்றாள். அந்தப் பிள்ளைதான் விளக்கினாள். கனடாவில் பந்து கம்பத்துக்கு வெளியே போனாலும், பின்னால் இருக்கும் அந்தக் கடைசிக் கட்டத்தைத் தாண்டி விழுந்துவிட்டால் ஒரு புள்ளி உண்டாம். ஒரே ஒரு புள்ளி. சமநிலையில் நின்ற ஆட்டத்துக்கு அது போதும். இத்தனை வருடம் இந்த நாட்டில் இருந்தும் எங்கள் இருவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

அண்ணை ஏப்ரனை இழுத்து எடுத்துக்கொண்டு இறங்கினார். அப்போதுதான் அவர் முழுசாகத் திரும்பி மைதானத்தைப் பார்த்தார். அவருடைய மகனை மற்றப் பிள்ளைகள் தூக்கி வைத்திருந்தார்கள்.

அங்கிருந்து மண்டபத்துக்குப் போகும்போது மகன் பின்சீற்றில் இருந்தான். வான் முழுக்கச் சேற்று வாசமும் வனிலா வாசமும். முதலில் ஒருவரும் பேசவில்லை. பிறகு அவன்தான் தொடங்கினான். "அப்பா, ஏதாவது சொல்லுங்கோவன். லாஸ்ட் டைமும் இப்படித்தான். வீடு வருமட்டும் ஒரு கதை இல்லை. மிஸ் பண்ணினதை விட அந்த ட்ரைவ்தான் எனக்குப் பயம். அதுதான் வராதேங்கோ எண்டனான்."

"என்ர கண் பட்டுத்தான் உனக்குப் பிழைச்சதெண்டு நினைச்சன். என்ன முகத்தோட கதைக்கிறது?"

"கண்ணோ? சீரியஸா?" அவன் சிரித்த சிரிப்பில் கேக் பெட்டியை நான் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. "அப்பா, நான் லெஃப்டுக்கு இழுத்துப்போட்டன். அவ்வளவுதான். வெயிட் பண்ண வைச்சாங்கள். நிண்டு நிண்டு காலைப் பற்றி யோசிச்சன். யோசிச்சா கால் கேக்காது."

 எனக்குப் பெரிய பாரம் ஒன்று இறங்கியது போலிருந்தது. என் கைக்கு மட்டும்தான் அந்த வருத்தம் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். நூறு தடவை சரியாக உதைத்த நல்ல காலுக்கும் அது வருமாம். யாருடைய கண்ணும் அதைச் செய்வதில்லை. தானாக நடக்கிற ஒன்றை, நடக்கிற நேரத்தில் நாமே எட்டிப் பார்த்துவிடுகிறோம். பார்க்கிற ஆட்கள் அதற்கு ஒரு சாக்கு. அப்படித் தவறியதுகூடச் சில நேரம் ஒரு புள்ளி தந்துவிட்டுத்தான் போகிறது.

இப்போது அந்தக் கடை வேறு ஆட்களிடம். மகனுக்கு மிசிசாகாவில் விமான நிலைய வேலை, அண்ணையும் அங்கேதான். போன மாதம் பேத்தியின் முதலாவது பிறந்தநாள். கேக் என்னுடையது. கொண்டுபோகும் வழியில் அழிந்துவிடும் என்று பெயரை எழுதாமல் கொண்டுபோனேன். அங்கே ஏப்ரனைக் கழுத்தில் மாட்டுவதற்குள் மேசையைச் சுற்றிச் சனம் கூடிவிட்டது. அண்ணை எழுந்து, "எல்லாரும் அங்கால திரும்புங்கோ! தங்கச்சி எழுதப் போறா" என்று பழைய குரலில் சத்தம் போட்டார். பிறகு என் கையிலிருந்த ஏப்ரனைப் பறித்துத் தன் முகத்தை மூடிக்கொண்டார். பேத்தி அதை இழுத்து விளையாடினாள்.

"வேண்டாம் அண்ணை. நிண்டு பாருங்கோ" என்றேன்.

எழுதினேன். ஓர் எழுத்து கொஞ்சம் சரிந்தது. அவர் அதைத்தான் முதலில் பார்த்திருப்பார். "வடிவு" என்றார்.

பழைய கதையில் ஒன்று சொல்ல விட்டுப்போனது. அந்த ஆட்டத்துக்கு மறுநாள் சனிக்கிழமை. கடையிலிருந்து மூன்று தட்டுக் கல்யாணக் கேக் ஒன்று போக இருந்தது. அண்ணை அதைச் சுற்றி வந்து பார்த்து, தேர் மாதிரி நிற்கிறது என்றார். அது மண்டபத்துக்கு முழுசாகப் போய்ச் சேர்ந்தது.