இன்வர்ஸ் இசட்டும் ஒரு ஜோடி செருப்பும்

அரியர் டியூஷன் எடுக்கிற கணக்கு வாத்தியாரிடம் முதலில் வந்து சேருகிறவர்கள் இன்வர்ஸ் இசட் டிரான்ஸ்ஃபார்மில் மாட்டிக்கொண்டவர்கள்தான். நானும் மாட்டியவன், நீங்களும் மாட்டியிருப்பீர்கள், ஆகவே நமக்குள் ஒளிக்க ஒன்றுமில்லை. ஒரு எண் வரிசையை இசட் என்ற எழுத்துக்குள் மூட்டை கட்டி வைத்திருப்பார்கள். அதை அவிழ்த்து வரிசையைத் திரும்ப எடுக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானில்தான் நம் இளமை போயிற்று.

வாசலில் விட்ட இசட்

கோட்டாற்றில் ஒரு நேந்திரங்காய் சிப்ஸ் கடைக்கு மேலே அப்போது என் வகுப்பு. செருப்புகளைப் படியில் விட்டுவிட்டு ஏறி வர வேண்டும். இப்போது ஆன்லைனில் எடுக்கிறேன். அந்த எண்ணெய் வாசனை இல்லாமல் கணக்கே சப்பென்று இருக்கிறது.

சகாயராஜ் என்னைவிட மூத்தவர். குவைத்தில் ஹெல்பர் வேலை, லீவில் வந்திருந்தார். பாக்கி இந்த ஒரே பேப்பர். பாஸானால் டிகிரி, டிகிரி வந்தால் இன்ஜினியர் வேலை, மனைவி ஸ்டெல்லாவையும் கூட்டிப்போக விசா. நான் அவரை ‘அண்ணே’ என்பேன், அவர் என்னை ‘சாரே’ என்பார்.

முதலில் ஒரு இசட்டால் வகுத்துவிட்டுப் பின்னத்தைப் பிரிக்க வேண்டும், பிரித்தபின் அதே இசட்டால் பெருக்க வேண்டும். எல்லோரும் வகுப்பார்கள், பெருக்க மறப்பார்கள். அவரும் தினமும் மறந்தார். ஒருநாள் படியை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஓ, வாசல்ல கழட்டிப்போட்ட செருப்புதானா சாரே இது? போவும்போ மறக்காம போட்டுக்கிட்டுப் போணும்.”

முடியாத வகுத்தல்

நீள் வகுத்தல் முறையும் உண்டு. வகுக்க வகுக்க உறுப்புகள் வந்துகொண்டே இருக்கும். “இதுக்கு முடிவே கிடையாது அண்ணே” என்று நான் சொன்ன நேரம், கீழே சிப்ஸ் வாங்கிக்கொண்டு ஸ்டெல்லா மேலே வந்தார். பொட்டலத்தை மேஜையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “அது முடியாட்டிலும் போவட்டு சாரே. இவருக்க லீவு முடியதுக்குள்ள இவரு பரீட்சைய முடிச்சாப் போதும்.”

படியில் கிடந்தது

பரீட்சைக்கு முந்தின நாள், சூத்திரங்களை முணுமுணுத்தபடியே சகாயராஜ் இறங்கிப் போனார். வெறுங்காலோடு. செருப்பு படியிலேயே கிடந்தது. நாளைக்கு இசட்டையும் இப்படித்தான் விட்டுவிடுவாரோ என்று பட்டது.

பயந்தது போலவே பரீட்சை முடிந்ததும் போன் வந்தது. பெரிய கணக்கைப் போட்டுவிட்டாராம், கடைசியில் இசட்டால் பெருக்கினாரா என்பது மட்டும் ஞாபகமில்லையாம். அது போனால் பாஸ் இல்லை. அந்தக் குழப்பத்தோடே விமானம் ஏறிவிட்டார். செருப்பை எடுத்துப்போட எனக்கு மனம் வரவில்லை. கூட்டுகிறவரையும் தொட விடவில்லை.

ரிசல்ட் வந்த அன்று குவைத்திலிருந்து கூப்பிட்டார். “பாஸ் சாரே!” என்று கத்தினார். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, “அண்ணே, உங்க செருப்பு இங்கதான் கிடக்கு” என்றேன்.

“கெடக்கட்டு சாரே. ஸ்டெல்லாவக் கூட்டிட்டுப் போவ வருவேம்லா, அப்பம் போட்டுக்கிடுதேன்.”

எத்தனையோ பேர் என் வகுப்பில் இசட்டை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், மனைவியோடு திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனவர் இவர் ஒருவர்தான்.