சைலென்சருக்கு விடுமுறை

"உழைக்கிற மெஷினுக்கு வருஷத்துல ஒரு நாள் லீவு குடுக்கக் கூடாதா?" என்று ஆயுத பூஜை அன்று சித்தப்பா கேட்டார். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

சித்தப்பா எத்திராஜ் அல்சூரில் கரும்புச் சாறு விற்கிறார். தங்கவயலில் பிறந்தவர். அங்கே தங்கச் சுரங்கத்தை மூடியதும் ரயிலேறி பெங்களூருக்கு வந்து, துணிக் கம்பெனியில் கட்டிங் வேலை பார்த்தார். அதுவும் போன பிறகு, கரும்பு பிழியும் மெஷினும் சின்ன பெட்ரோல் என்ஜினும் பூட்டிய தள்ளுவண்டியை வாங்கினார். எங்கே நிறுத்தினாலும் யாராவது வந்து தள்ளிப் போகச் சொல்வார்கள்.

இந்த வருஷம்தான் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளர் சீனிவாசராகவன், கேட் ஓரமாக இடம் தருவதாகச் சொன்னார்.

"ஆனா சைலென்சர்லேர்ந்து துரு உதிருது. சரி பண்ணு. விஜயதசமி அன்னைக்கு எங்க ஆளுங்களுக்கு ஜூஸ் போட்டுக் காட்டு. பிடிச்சிருந்தா நில்லு."

சூடு தாங்கும் ஸ்பிரே பெயின்ட் வாங்கி வரும்படி ஒரு வாரமாகச் சொன்னேன். பி.யு.சி. முடித்துவிட்டு வீட்டில் இருப்பவள் பேச்சை யார் கேட்கிறார்கள்? பூஜைக்கு முந்தின நாள் மாலைதான் டப்பா வந்தது. சைலென்சரைக் கழற்றி, ஒயர் பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, தின்னர் தொட்டுத் துடைத்து, மெல்லிசாகப் பெயின்ட் அடித்தேன். காலையில் காய்ந்ததும் மாட்டினேன். இனி என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி ஓட்ட வேண்டும். அந்தச் சூட்டில்தான் பெயின்ட் இறுகும். முதலில் புகையும் நாற்றமும் வரும், பிறகு நின்றுவிடும்.

நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் சித்தப்பா வண்டிக்கு மாலை போட்டு, சைலென்சரில்கூட சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்.

"பூஜை போட்டாச்சு விஜி. இன்னைக்கு ஸ்டார்ட் பண்ணக் கூடாது."

"டப்பாவுலயே போட்டிருக்கு சித்தப்பா, ஓட்டித்தான் ஆகணும்னு."

"டப்பாக்காரனுக்கு ஆயுத பூஜை தெரியுமா?"

"நாளைக்குப் பெயின்ட் நாத்தம் வந்தா?"

அதற்குப் பதிலாகத்தான் அந்த லீவுக் கேள்வியைக் கேட்டார்.

மறுநாள் கேட்டருகே இருபது பேர் ஜூஸுக்குக் காத்திருந்தார்கள். சித்தப்பா கயிற்றை இழுத்தார். என்ஜின் சூடேறியதும் வெள்ளைப் புகை கிளம்பியது. பெயின்டும் சந்தனமும் சேர்ந்து கருகிய நாற்றம். "ஏனிது வாசனெ?" என்று ஓர் அம்மா கன்னடத்தில் கேட்டு மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்ன எத்திராஜ், ஜூஸ் போடறேன்னுட்டு கொசு மருந்து அடிக்கறே?" என்றார் செயலாளர்.

சித்தப்பா என்ஜினை நிறுத்திவிட்டார். "கொஞ்ச நேரம் குடுங்க சார். இந்தப் புகையில கரும்பைப் பிழிஞ்சா குடிக்கறவங்களுக்குக் குமட்டும்."

"இப்ப போடலன்னா இளநீர்க்காரனுக்கு இடத்தைக் குடுத்துடுவேன்."

"குடுங்க சார். இந்த ஜூஸை நான் குடுக்க மாட்டேன்."

சித்தப்பா மீதே கோபமாக இருந்த எனக்கு அந்த நேரத்தில் யார் மீது கோபப்படுவது என்று தெரியவில்லை. எல்லோரும் போன பிறகு ஓட்டினோம், ஆறவிட்டோம், மறுபடி ஓட்டினோம். மதியத்துக்குள் புகை சுத்தமாக நின்றது. அடுத்த நாள் கேட் ஓரம் இளநீர்க் குலைகள் குவிந்திருந்தன. சித்தப்பா இப்போது ஏரிப் பக்கம் நிற்கிறார். போலீஸ் வந்தால் வண்டியைத் தள்ளுகிறார்.

உங்கள் தெருவில் இப்படி என்ஜின் வைத்துப் பிழைப்பவர் இருந்தால், தயவுசெய்து இதை அவருக்குச் சொல்லுங்கள். பெயின்ட் அடித்தால், பூஜை போடுவதற்கு முன்பே ஓட்டிப் புகையை விரட்டிவிடச் சொல்லுங்கள். அவருக்குத் தெரிந்தவர்களிடமும் சொல்லச் சொல்லுங்கள்.