லக்கலையில் லைன் அறுந்த நாள்

இணையம் மாத்தளைக்கு வந்த புதிதில் எங்கள் அலுவலகத்தில் ஒரு மோடம் இருந்தது. தொலைபேசி லைனைப் பிடிக்கும்போது கீச்சிட்டுக் கரகரக்கும். இணைப்புக் கிடைத்ததும் நான் நிமிர்ந்து உட்காருவேன். நாளைய உலகமே என் மேசைக்கு வந்துவிட்டதாக நினைப்பு.

என்னோடு வேலை செய்தவரை, அண்ணன் முறையில், நானா என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். லக்கலைப் பக்கம் ஒரு சிறிய மருந்தகத்துக்காக, நோயாளர் விவரங்களைப் பதியும் மென்பொருள் ஒன்றை இருவரும் எழுதினோம். எல்லாம் மாத்தளையில் எங்கள் சேர்வரிலேயே இருக்கட்டும், அங்கே பிரவுசர் மட்டும் போதும் என்பது என் கட்சி. திருத்தம் வந்தால் இங்கிருந்தே செய்துவிடலாம், பஸ் ஏறி அலைய வேண்டியதில்லை. நானா ஒத்துக்கொள்ளவில்லை.

"லைன் உழுந்தா அந்த டொக்டர் என்ன செய்வார், தம்பி? புரோகிராம் அவர்ட மெசின்லயும் இருக்கட்டும். லைன் வாற நேரம் இங்க அனுப்பட்டும்."

நானா இன்னும் பழைய காலத்தை விட்டு வரவில்லை என்று முதலாளிக்கு முன்னால் சொல்லிச் சிரித்தேன். முதலாளியும் சிரித்தார். அத்தோடு பேச்சு முடிந்தது; நான் சொன்னபடியே செய்தோம். பதிந்து முடித்த பழைய நோயாளர் அட்டைகளைக்கூட மாத்தளைக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

மூன்றாம் மாதம் லக்கலையில் யானை ஒன்று தொலைபேசிக் கம்பத்தைச் சாய்க்க, லைன் அறுந்தது. அன்று, காய்ச்சலில் துவண்ட மகளைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் மருந்தகத்துக்கு வந்திருக்கிறாள். பிள்ளைக்கு ஏதோ ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாது. அதன் பெயர் தாய்க்கு நினைவில்லை. அது எங்கள் சேர்வரில் இருந்தது. டொக்டர் ஊசி போடத் துணியாமல், வான் வண்டி ஒன்று பிடித்து மாத்தளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். வழியில் பிள்ளைக்கு இரண்டு தடவை வலிப்பு வந்ததாம். எப்படியோ பிழைத்துக்கொண்டது.

இது யார் எடுத்த முடிவு என்று மறுநாள் முதலாளி கேட்டார்.

"எல்லாரும் சேர்ந்து எடுத்ததுதானே, சேர்," என்றேன்.

நானா என்னை ஒருமுறை பார்த்தார். மாற்றுத்துணியைப் பையில் போட்டுக்கொண்டு லக்கலைக்குப் பஸ் ஏறினார். மூன்று நாள் தங்கி, தான் முன்பு சொன்னபடியே எல்லாவற்றையும் மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். சிக்கலைச் சீக்கிரம் தீர்த்துவிட்டேன் என்று முதலாளி என்னைப் பாராட்டினார். அதையும் வாங்கிக்கொண்டேன். சில மாதங்களில் நானா வேலையை விட்டுப் போனார். போகும்வரை அவரிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

இப்போது நான் பயிற்சி வகுப்புகள் நடத்துகிறேன். சென்ற மாதம் கலேவெலயில், லைன் இல்லாத இடத்தில் இருப்பவரை நினைத்து எழுதுங்கள், அவருடைய ஃபோனிலேயே வேலை நடக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

முன்வரிசைப் பெண் ஒருத்தி, "இதெல்லாம் எப்படி சேர் தெரிஞ்சுக்கிட்டீங்க?" என்று கேட்டாள்.

"அனுபவம்தான், மகள்," என்றேன்.

அவள் அதைக் குறித்துக்கொண்டாள். யாருடைய அனுபவம் என்று சொல்ல அப்போதும் எனக்கு வாய் வரவில்லை.