இரண்டாவது வெடி

உடற்கல்வி ஆசிரியையாக இருந்த காலத்தில் நான் வாயாரத் திட்டியது இரண்டைத்தான். ஒன்று, வானம் லேசாக இருட்டினால் போதும், விளையாட்டுப் பீரியடைக் கேட்டு வந்து நிற்கும் கணக்கு டீச்சர். இன்னொன்று, எங்கள் குறுவட்டப் பள்ளிகளுக்கெல்லாம் பொதுவாக இருந்த ஒரு பழைய ரிவால்வர்.

ஓட்டப் பந்தயத்தைத் தொடங்கி வைக்கிற ரிவால்வர் அது. குண்டு கிடையாது, சத்தம் மட்டும். ஆறு தோட்டா போடலாம். யார் எப்போது வாங்கினார்களோ, பிடியில் இருந்த மரம் தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தது. தொண்ணூறுகளின் நடுவில், கை ஆடாமல் நிற்கிறேன் என்று பாராட்டி அதை என் தலையில் கட்டினார்கள். நான் அப்போது செங்கல்பட்டிலிருந்து பஸ் பிடித்து, மாமல்லபுரம் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளிக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். உப்புக் காற்றில் பூட்டுகூடத் துருப்பிடிக்கும் ஊர். இரும்புப் பெட்டியில் வைத்து பீரோவில் பூட்டிவைத்தேன்.

இரண்டு வருடம் ஒழுங்காக வெடித்தது. மூன்றாம் வருடம் வேலையைக் காட்டியது. எல்லோரும் குனிந்து தயாராக இருக்கும்போது விசையை இழுப்பேன். 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பிள்ளைகளில் பாதிப் பேர் பாய்ந்துவிடுவார்கள், பாதிப் பேர் என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் கையைத் தூக்கியபடி அசடு வழிய நிற்பேன்.

உருளை சுற்றவில்லையோ என்று சந்தேகப்பட்டேன். மண்ணெண்ணெயும் பல் தேய்க்கும் பிரஷும் வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கரியைத் தேய்த்து எடுத்தேன். உருளை சக்கரம்போலச் சுற்றியது. ஆனாலும் 'டிக்'. ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்று மாமல்லபுரத்தில் படகு எஞ்சின் பார்க்கிற மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் புது ஸ்பிரிங் போட்டார். விசையை இழுக்க விரல் வலித்ததுதான் மிச்சம். ஈரமாக இருக்குமோ என்று தோட்டாக்களை முறத்தில் பரப்பி வெயிலில் வைத்தேன். தலைமையாசிரியை பார்த்துவிட்டு அலறிய அலறலில் இரண்டு வகுப்பு வெளியே வந்துவிட்டது.

கடைசியில் செங்கல்பட்டிலேயே, போலீஸ் ஆயுதப்படையில் துப்பாக்கி பழுதுபார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் ரிவால்வரைத் தொடவே இல்லை. வெடிக்காத தோட்டா ஒன்றை எடுத்து அதன் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அடி நல்லா ஆழமா வுழுந்துகீது டீச்சரம்மா. கன்னு மேல தப்பே இல்ல. தோட்டாதான் செத்துப்போச்சு. இன்னா தடவுனீங்க இதுமேல?"

"தேங்காயெண்ணெய். துருப்பிடிக்கக் கூடாதேன்னு."

"தோ, நடுவுல சின்ன வட்டம் கீது பாருங்க, அதுக்குள்ளதான் மருந்து. எண்ணெ ஊறிச்சுன்னா மருந்து காலி. இது இன்னா, செவப்பா?"

எனக்கு முகம் சுண்டிவிட்டது. குங்குமம். ஆயுத பூஜையன்று குண்டு, ஈட்டி, வட்டு, அளவு நாடா எல்லாவற்றையும் வரிசையாக வைத்து எண்ணெய்த் துணியால் துடைத்துப் பொட்டு வைப்பது எங்கள் விளையாட்டு அறையில் வழக்கம். தோட்டாக்களை மட்டும் விடுவானேன் என்று, ஒவ்வொன்றின் அடியிலும் நட்டநடு வட்டத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்தது நான். பக்தி சிரத்தையாக, இரண்டு வருடம்.

"எது நல்லது, எது செத்ததுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டேன்.

"வெடிச்சாதான் தெரியும். வெடிச்சப்புறம் தெரிஞ்சு இன்னா பண்ணப் போறீங்க?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

புதுத் தோட்டா வாங்க போலீஸ் அனுமதி வேண்டும். மூன்று கடிதம் எழுதினேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. அந்த வருடம் போட்டியை நடத்திய பள்ளியின் தலைமையாசிரியரிடம், ஓட்டத்தைத் தொடங்கத் தட்டுகிற மரக்கட்டையையே வைத்துக்கொள்ளலாம் என்று கெஞ்சினேன். "ரிவால்வர வெச்சிகினு கட்டையத் தட்டுனா நல்லாவா இருக்கும் டீச்சர்? ஃபைனலுக்கு வெடிதான்" என்றுவிட்டார். நான் அடம்பிடித்திருக்க வேண்டும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

எங்கள் பள்ளியிலிருந்து ஒரே ஒருத்திதான் நானூறு மீட்டர் இறுதிக்கு வந்திருந்தாள். திருவிடந்தைப் பக்கத்து மீனவக் குப்பத்துப் பெண், பத்தாவது. அதோடு படிப்பை நிறுத்திவிடுவதாக வீட்டில் முடிவாகியிருந்தது. விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்தால் மட்டும் மேலே படிக்கலாம் என்று அவள் அப்பா என்னிடமே சொல்லியிருந்தார். அந்த இடத்துக்கு மாவட்டப் போட்டியில் ஓடியிருக்க வேண்டும். மாவட்டத்துக்கு முதல் இரண்டு பேர்தான் போகலாம்.

அவளுக்கு விழுந்தது ஆறாவது பாதை. வளைவில் வெளிப்பாதை நீளம் அதிகம் என்பதால் அதில் ஓடுகிறவள் மற்றவர்களுக்கு முன்னால் நிற்பாள், யாரையும் பார்க்க முடியாது.

விசையை இழுத்தேன். அதிசயமாக வெடித்தது. ஆனால் இரண்டாவது பாதைப் பெண் அதற்கு முன்பே பாய்ந்துவிட்டாள். இப்படி ஆனால் உடனே இரண்டாவது வெடி வெடிக்க வேண்டும், எல்லோரும் திரும்பி வருவார்கள். இழுத்தேன். 'டிக்'. மறுபடி. 'டிக்'. விரல் வலிக்க வலிக்க இழுத்தேன், உருளை ஒரு சுற்றே சுற்றி வந்துவிட்டது. விசிலை ஊதினேன். அந்தப் பக்கம் வாலிபால், இந்தப் பக்கம் கோ-கோ, மைதானம் முழுக்க விசில்தான். நான் கையை ஆட்டிக் கத்தியதைக் கேட்டு ஐந்து பேர் நின்றுவிட்டார்கள். ஆறாவது பாதைக்காரி நிற்கவில்லை. வளைவில் நின்ற ஆசிரியர்கள், இரண்டாவது வெடி வராததால் எல்லாம் சரி என்று நினைத்துக் கைதட்டினார்கள். "நில்லு, நில்லு" என்று கூட்டம் கத்தியது. உற்சாகப்படுத்துகிறார்கள் என்று நினைத்து அவள் இன்னும் வேகமாக ஓடினாள். அப்படி ஓர் ஓட்டத்தை அந்தக் குறுவட்டத்தில் நான் பார்த்ததில்லை. தன்னந்தனியாக முழுச் சுற்றும் ஓடி, கோட்டைத் தாண்டித் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாருமே இல்லை.

செல்லாது, மறுபடி ஓட வேண்டும் என்றார்கள். அரைமணி நேரமாவது ஓய்வு கொடுங்கள் என்று தலைமையாசிரியரிடம் சண்டை போட்டேன்.

"ஒரு ரவுண்டுதானே டீச்சர்? சீஃப் கெஸ்ட் வண்டி வந்துகினு கீது. பத்து நிமிஷம் போதும்."

அந்த ரிவால்வரை அவர் காலடியில் வீசிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. மிச்சமிருந்த தோட்டாக்களைத் திணித்துக்கொண்டு மறுபடியும் கையைத் தூக்கி நின்றேன். பாழாய்ப்போனது, முதல் இழுப்பிலேயே மைதானம் அதிர வெடித்தது. யாரும் முந்தவில்லை, யாரும் தயங்கவில்லை.

அவள் மூன்றாவதாக வந்தாள்.

வாயில் எச்சில் வழிய, இடுப்பில் கைவைத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். ஒரு வருடமாக நான் அந்தச் சனியனோடு மல்லுக்கட்டுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள். மூச்சு திரும்பியதும் முதலில் சொன்னது இதைத்தான்.

"இந்தவாட்டி கரெக்டா வெடிச்சிடுச்சு டீச்சர்."

எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னாள்.