கரி வியாபாரி எந்தக் குழியில்?

போன சனிக்கிழமை காலை. உமிக்கரியை வாயில் போட்டுப் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாசல் படலையில் சைக்கிள் மணி. எட்டிப் பார்த்தால் கந்தையா அண்ணை. கையில் அந்தக் கிழமைப் பேப்பர் — என் பத்தி மேலே தெரியும்படி மடித்திருந்தார்.

பாராட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். எழுதுகிறவனுக்கு வேறென்ன நினைப்பு வரும்?

“வாங்கோ அண்ணை. வாசிச்சனீங்களோ?”

“வாசிச்சன் மாஸ்ரர். நல்ல வடிவா, சத்தம் போட்டு வாசிச்சன். அதாலைதான் என்ரை வேலை போச்சு.”

உமிக்கரியில் பாதியை விழுங்கிவிட்டேன்.

அப்படி நான் என்னதான் எழுதினேன்? வாசிக்காதவர்களுக்காகவும், வாசித்து மறந்தவர்களுக்காகவும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். (இரண்டாவது கூட்டம்தான் பெரிது என்று எனக்குத் தெரியும்.)

யாழ்ப்பாணப் பட்டினத்துக் கொட்டகையில் ஒரு அயர்லாந்துப் படம் காட்டினார்கள். செத்தவீட்டை வைத்துச் சிரிப்புக் காட்டும் படம். ஓயாத மழை பெய்யும் ஒரு ஊர். ஒரே நாளில் இரண்டு சாவு. ஒருவர் ஊரிலேயே பெரிய கரி வியாபாரி. மற்றவன் அவருடைய கரி மூட்டைகளைச் சுமந்து சுமந்து முதுகு வளைந்துபோன கூலியாள். அங்கே சுடுவதில்லை, புதைப்பதுதான். இரண்டு பெட்டிகளையும் ஒரே குதிரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறான் ஒரு வண்டிக்காரன். வழியில் சாராயக் கடை. இறங்காமல் போவானா? திரும்பி ஏறும்போது எந்தப் பெட்டி யாருடையது என்று அவனுக்கு மறந்துபோகிறது. பெட்டிகள் குழியடியில் மாறி இறங்குகின்றன.

பெட்டி செய்த தச்சனுக்கு அது தெரியும். ஆனால் பெரியவருக்கு நல்ல மரம் என்று சொல்லிவிட்டு, இரண்டு பெட்டிக்கும் ஒரே மலிவுப் பலகையை அடித்தவன் அவன். வாய் திறக்க முடியுமா?

ஆக, கூலியாளுக்குப் பாண்ட் வாத்தியம், தொப்பி கழற்றிய பெரிய மனிதர்கள் — ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. வியாபாரிக்கோ பாண்ட் இல்லை, பூ இல்லை — கரிக் கூலிகளும் அவர்களுடைய பெண்களும் மழையில் நின்று வாய்விட்டு அழுகிறார்கள்.

கூலியாளின் மனைவி ஒரு சலவைக்காரி. கடைசியாக ஒருமுறை புருஷனின் முகம் பார்க்க வேண்டும் என்று பெட்டியின் மூடியைக் கொஞ்சம் தூக்குகிறாள். கண்ணில் படுவது ஒரு சட்டைக் கழுத்து. அவளே கஞ்சி போட்டு மினுக்கிக் கொடுத்த கழுத்து. ஐயோ... வியாபாரியின் சட்டை!

மற்றக் குழியடியில் பாண்ட் கேட்கிறது. அவளுடைய புருஷனுக்காகப் பிறந்த நாள் தொட்டு ஒருவரும் ஒரு சீழ்க்கைகூட அடித்ததில்லை. சொல்லுவாளா? விடுவாளா? அவள் வாயைத் திறக்கிறாள்...

அந்த இடத்தில் நிறுத்தி, ‘மிகுதியை நான் சொன்னால் சுவை கெட்டுவிடும்’ என்று கௌரவமாக முடித்திருந்தேன்.

உண்மை என்ன தெரியுமா? அவள் வாயைத் திறந்தாள், நான் எழும்பிவிட்டேன். இந்தப் பெற்றோல் பஞ்சத்தில் அச்சுவேலிக்குக் கடைசி பஸ் ஆறு மணிக்கு. அதை விட்டால் நடைதான். படத்தின் முடிவு எனக்கே தெரியாது!

சரி, இதனால் கந்தையா அண்ணையின் வேலை எப்படிப் போகும்?

அவர் எங்கள் பக்கத்துச் சுருட்டுக் கொட்டில் ஒன்றில் இருந்தவர். (அச்சுவேலியில் கொட்டில்களுக்கா குறைவு? எது என்று கேட்காதீர்கள்.) முதலில் சுருட்டுத்தான் சுற்றினார். பிறகு வாதம் வந்து விரல்கள் மரத்துவிட்டன. ஆனால் குரல் மணி மாதிரி. சுருட்டுச் சுற்றுகிறவர்களுக்குக் கைக்குத்தான் வேலை, காதுக்கு இல்லையே? அதனால் அவரைப் பேப்பர் வாசிக்க இருத்திவிட்டார்கள். அவர் உரக்க வாசிப்பார். மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுற்றுவார்கள். அவருக்கு முன்னால் ஒரு தட்டு இருக்கும். ஆளுக்குக் கொஞ்சமாகத் தாங்கள் சுற்றிய சுருட்டில் எடுத்து அந்தத் தட்டில் வைப்பார்கள். அதுதான் அவர் அன்றைக்குச் சுற்றியதாகக் கணக்கு. அதைக் கொண்டுதான் அவர் வீட்டில் அடுப்பு எரிகிறது.

யுத்தச் செய்தி, கூப்பன் அரிசிச் செய்தி, பிறகு என்னைப் போன்றவர்களின் அலட்டல் — எல்லாம் ஒழுங்காக வாசிப்பார். ஒரே ஒரு விசேஷம். மலாயா என்ற சொல் எங்கே வந்தாலும் அந்தச் செய்தியை இரண்டு தரம் வாசிப்பார். ஏன் என்று ஒருவரும் கேட்பதில்லை.

முதலாளியும் மூலையில் சாய்மனைக் கதிரையில் கிடந்து கேட்பார். எழுபது வயது மனிதர். தானாகப் பேப்பர் வாசிப்பதில்லை. மூக்குக் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்துவிடுவார். நான் அறிந்து இருபது வருஷமாக மறந்துவிட்டு வருகிறார். (கொட்டிலில் இதை யார் வாசித்தாலும் தயவுசெய்து இந்த இரண்டு மூன்று வரியை விழுங்கிவிடவும்.)

இனிக் கந்தையா அண்ணை சொல்லட்டும்.

“வாசிச்சு முடிச்ச உடனை முதலாளி கேட்டார், ‘பேந்து என்ன நடந்தது? அந்த வியாபாரியைத் தோண்டி எடுத்தவையோ?’ எண்டு. ‘அது போடேல்லை ஐயா’ எண்டன். பின்வரிசையிலை இருந்து ஆரோ, ‘அங்கையே கிடக்கட்டும், மூடச் சொல்லுங்கோ!’ எண்டான். கொட்டில் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரிச்சுப்போட்டன் மாஸ்ரர்... என்ன செய்ய, வந்திட்டுது. முதலாளி எழும்பினார். ‘நாளையிலை இருந்து என்ரை கொட்டிலிலை வாசிப்பும் வேண்டாம், வாசிக்கிற ஆளும் வேண்டாம்.’ அவ்வளவுதான்.”

“பிறகு கதைச்சுப் பாக்கேல்லையோ?”

“முகத்தைத் திருப்பிக்கொண்டு போறார். நான் வேறை என்ன வேலைக்குப் போக? இந்த விரலாலை வெத்திலைக்குச் சுண்ணாம்பு தடவவே ஏலாது.” கையை நீட்டிக் காட்டினார். எனக்குப் பார்க்க முடியவில்லை.

“நான் என்ன செய்யவேணும் அண்ணை?”

“முடிவை எழுதுங்கோ. வியாபாரியைத் தோண்டி எடுத்து, அவரின்ரை இடத்திலை மரியாதையா வைச்சவை எண்டு எழுதுங்கோ. முதலாளியின்ரை மனம் ஆறும். அதுதானே முடிவு?”

‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல இரண்டு சொல் போதும். அந்த இரண்டு சொல்லும் வாயில் வரவில்லை. “பாப்பம்” என்றேன். ஒரு சொல் மிச்சம்!

அன்றைக்கே பட்டினத்துக்குப் பஸ் ஏறினேன். படம் வேறு ஊருக்குப் போய்விட்டது. போனால் என்ன, பார்த்தவர்கள் இருக்கிறார்களே! கோர்ட்டில் இங்கிலீசில் வெளுத்து வாங்கும் பிறக்கிராசியார் ஒருவர் படம் பார்த்த அன்றைக்கு எனக்கு முன்வரிசையில் இருந்தார். அவரிடம் போனேன்.

“முடிவோ? அருமையான முடிவு! அவள் உண்மையைச் சொல்லிப்போட்டாள். வழக்கு நடந்தது. பெட்டியை மாத்தச் சொல்லி நீதவான் தீர்ப்பு. நல்ல தீர்ப்பு, ஆனால் அப்பீல் பண்ணியிருக்கலாம்.”

சந்தோஷமாக இருந்தது. இருந்தாலும் இன்னொருவரையும் கேட்போமே என்று, கந்தோர் ஒன்றில் தலைமைக் கிளாக்கராக இருக்கும் நண்பரிடம் போனேன். அவரும் கடைசி வரை இருந்து பார்த்தவர்.

“வழக்கோ? ஆர் சொன்னது? அவள் ஒரு பெட்டிசம் அல்லோ போட்டவள்! மேலிடத்திலை இருந்து பதில் வரமுன்னம் படம் முடிஞ்சு போச்சு.”

இதென்னடா கூத்து! ஒரே கொட்டகை, ஒரே படம்... கொட்டகைக்கே போய், வாசலில் டிக்கெட் கிழிக்கிறவரைப் பிடித்தேன். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெல்லிய குரலில் சொன்னார்:

“கடைசி றீல் வரவே இல்லை ஐயா. படப் பெட்டியிலை ஒண்டு குறைஞ்சுபோச்சு. அந்தப் பெண்பிள்ளை வாயைத் திறந்த கையோடை நாங்கள் படம் முடியப் போடுற ராசா பாட்டைப் போட்டிட்டம்.”

“சனம் சத்தம் போடேல்லையோ?”

“கதிரையை உடைக்கப்போகினம் எண்டு நான் நடுங்கிக்கொண்டு நிண்டன். எல்லாரும் பாட்டுக்கு எழும்பி நிண்டினம். ‘வெரி குட் பிக்சர்’ எண்டு சொல்லிப்போட்டுப் போச்சினம்.”

அயர்லாந்துக்காரரின் இங்கிலீஸ் எங்கள் காதில் ஏறவில்லை என்று ஒப்புக்கொள்ள யாருக்கு மனம் வரும்? பக்கத்தில் இருக்கிறவன் தலையாட்டுகிறான், நானும் ஆட்டுகிறேன். என்னைப் பார்த்து அவன் ஆட்டுகிறான். முடிவே இல்லாத படத்துக்கு ஆளுக்கொரு முடிவோடு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். பிறக்கிராசியாருக்கு வழக்கு, கிளாக்கருக்குப் பெட்டிசம். எனக்கு? ‘சுவை கெட்டுவிடும்.’ மூன்று பேரிலும் பெரிய கள்ளன் நான்தான்.

திங்கட்கிழமை கொட்டிலுக்குப் போனேன். கந்தையா அண்ணை கேட்டபடியே சொல்லிவிடுவது என்று முடிவு கட்டியிருந்தேன். தோண்டி எடுத்தார்கள், மரியாதையாக வைத்தார்கள், சுபம்.

உள்ளே போனால்... இருபது பேரின் கைகள் ஓடுகின்றன, ஒரு சத்தம் இல்லை. செத்தவீட்டில்கூட இதைவிடக் கலகலப்பு இருக்கும். கந்தையா அண்ணையின் இடம் வெறுமையாகக் கிடந்தது. ஆனால் தட்டு? தட்டு நிறையச் சுருட்டு! ஆள் இல்லை, வாசிப்பு இல்லை — ஆனாலும் போகிற வாக்கில் ஆளுக்கு இரண்டு வைத்துவிட்டுப் போகிறார்கள். ஒருவரும் ஒருவரிடமும் சொல்லிச் செய்ததாகத் தெரியவில்லை.

முதலாளியின் மடியில் பேப்பர். கட்டி வந்த நூல்கூட அவிழ்க்கவில்லை.

“வா தம்பி. கண்ணாடியை வீட்டிலை விட்டிட்டு வந்திட்டன். மலாயாப் பக்கம் ஏதும் போட்டிருக்கோ எண்டு ஒருக்காப் பார்.”

அவருக்கு ஒரே மகன். மலாயாவில் ரயில்வேயில் வேலை. ஜப்பான்காரன் அங்கே இறங்கிய நாள் தொட்டுக் கடிதம் இல்லை. இருக்கிறானா இல்லையா என்று சொல்ல ஆள் இல்லை. இது ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அந்த இரண்டு தரம் வாசிப்பு எதற்கென்று அந்த நேரம்தான் என் மண்டையில் ஏறியது.

நூலை அவிழ்த்துப் பார்த்தேன். “ஒண்டும் இல்லை ஐயா.”

“வடிவாப் பார்.”

மறுபடி பார்த்தேன். இல்லை.

பேப்பரை வாங்கி மறுபடி மடித்தார். பிறகு, “உந்தக் கரி வியாபாரி...” என்று தொடங்கினார். நான் தயார் பண்ணி வைத்திருந்த முடிவை அவிழ்க்க வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

“பொறு. முதல் ஒண்டு சொல்லு. அந்தக் குழியடியிலை சனம் அழுததெண்டு எழுதினியே, மெய்யா அழுததோ?”

“ஓம் ஐயா. மழையிலை நிண்டு அழுதவை.” அதை நான் பார்த்தேன். அதிலாவது பொய் இல்லை.

“உள்ளுக்குள்ளை ஆர் எண்டு தெரியாமல்.”

“தெரியாமல்தான்.”

“தெரியாட்டில் என்ன. அழுகை மெய்தானே.” தட்டைப் பார்த்தார். “உதைப் பார். ஆள் இத்தினை நாளா வரேல்லை, தட்டு நிறையுது. நான் தடுக்கேல்லை. எனக்கு ஆர் உப்பிடி ஒரு சுருட்டுச் சுத்தி வைப்பினம்? கொள்ளி வைக்கிறவன் இருக்கிறானோ எண்டே தெரியாது. அண்டைக்குச் சிரிச்சாங்கள் தம்பி... என்னை நினைச்சுத்தான் சிரிச்சாங்கள்.”

பின்வரிசையில் ஒருவரின் கை சுற்றுவதை நிறுத்திவிட்டது. எதையாவது சொல்லவேண்டுமே என்று கேட்டேன்:

“அப்ப ஐயா... வியாபாரியைத் தோண்டி எடுத்தவை எண்டு எழுதட்டோ?”

நிமிர்ந்து உட்கார்ந்தார். “உனக்கென்ன விசரே? அழ ஆக்கள் கிடைச்ச இடத்திலை இருந்து ஆரும் ஆளைக் கிளப்புவினமோ? அங்கையே கிடக்கட்டும். மூடச் சொல்லு!”

ஒரு கிழமைக்கு முன் இதே சொல்லுக்குத்தான் கந்தையா அண்ணையின் வேலை போனது!

“அப்பிடியே எழுதுறன் ஐயா. ஆனால் இஞ்சை ஆர் வாசிக்கிறது?”

“கண்ணாடியை நாளைக்கு...” என்று தொடங்கினார். முடிக்கவில்லை. யாரையும் பாராமல், “கந்தையனை வரச் சொல்லுங்கோ” என்றார்.

கொட்டிலில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஆனால் கூப்பிட்டுவர நாலு பேர் ஒன்றாக எழும்பினார்கள். பின்வரிசைக்காரர்தான் முதலில் வெளியே போனார்.

ஆகவே, வாசகர்களே, முடிவு இதுதான்: சலவைக்காரி வாயைத் திறந்தாள், மூடிவிட்டாள். வியாபாரி அந்த அழுகைக்குள்ளேயே கிடக்கிறார். படத்தைக் காசு கொடுத்துப் பார்த்த எங்களில் ஒருவருக்கும் பிடிபடாததை, கொட்டகைப் பக்கமே போகாத ஒருவர் சொல்லிவிட்டார். பிறக்கிராசியாரிடம் சொன்னேன். “அதைத்தானே நானும் அண்டைக்குச் சொன்னனான்!” என்றார்.

கந்தையா அண்ணை, இதை வாசித்து முடித்த கையோடு மலாயாப் பக்கத்துக்குப் போங்கோ — செய்தி இல்லாவிட்டால், இல்லை என்பதையும் இரண்டு தரம் வாசியுங்கோ.